நண்பகலில் மிச்சம், இரவில் பற்றாக்குறை: மின்சார மாற்றத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இடம்

தமிழ்நாட்டின் மின்சாரச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு, ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு தகவல்கள் அடிக்கடி எதிர்ப்படும். சூரிய ஒளி, காற்று ஆகிய இரண்டிலும் மாநிலத்தின் நிறுவுதிறன் தனித்தனியே 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. சில பகல்களில் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்படி அந்த மின் ஆலைகளுக்கு உத்தரவு போகிறது என்பது ஒன்று. அதே நாள் இரவு ஏழு மணிக்கு, மின்சந்தையின் உச்சவரம்பான யூனிட்டுக்கு 10 ரூபாய் கொடுத்தும் மின்சாரம் வாங்க வேண்டியிருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. மின்சாரம் மொத்தத்தில் குறைவாக இருப்பது இப்போதைய சிக்கல் அன்று; அது கிடைக்கும் நேரமும் இடமும், தேவைப்படும் நேரத்தோடும் இடத்தோடும் பொருந்தாமல் இருப்பதே சிக்கல்.

இந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்யும் வழிகள் பெரும்பாலும் தொழில்நுட்பச் சொற்களிலேயே விளக்கப்படுகின்றன. ஆனால் அவ்வழிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரின் நிலத்திலும் நீரிலும் வேலையிலும் போய் இறங்குகின்றன. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள், பேட்டரி செல் ஆலை, உயர்மின் கோபுரங்கள், எஞ்சின் பாகம் கடையும் பட்டறைகள் ஆகிய நான்கும் பக்கத்துப் பக்கத்து வட்டங்களில் இருப்பதால், தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் வைத்து இதை விளக்குவது எளிது.

கிலோவாட்டும் யூனிட்டும்

கிலோவாட் என்பது திறனின் அளவு; ஆயிரம் கிலோவாட் ஒரு மெகாவாட். யூனிட் எனப்படும் கிலோவாட்மணி, அந்தத் திறன் எவ்வளவு நேரம் வேலை செய்தது என்பதன் அளவு. மோட்டாரின் எச்.பி.யையும் அது நாள் முழுதும் இறைத்த தண்ணீரையும் ஒன்றாக எண்ணாதது போலவே இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. நம் பகுதியில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். அதில் பெரும்பகுதி காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடைப்பட்டது. ஆகவே '10,000 மெகாவாட் சூரிய மின்சாரம்' என்ற தலைப்பைப் படிக்கும்போது, அது நண்பகலுக்கு மட்டும் உரிய எண் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மாநிலத்தின் தேவையோ வேறு வடிவில் ஏறி இறங்குகிறது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் பகல் தேவையும் உயர்வுதான். ஆனால் சூரியன் சாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பல ஆயிரம் மெகாவாட் மறைய, அதே வேளையில் வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் குளிர்சாதனமும் ஓடத் தொடங்குவதே மின் பகிர்வு மையத்தில் இருப்பவர்களுக்குக் கடினமான நேரம். உற்பத்தியும் தேவையும் எந்நேரமும் ஒத்துப்போய், மின்கட்டமைப்பின் அதிர்வெண் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். அனல்மின் நிலையத்தை விருப்பம்போல் அணைத்து ஏற்ற முடியாது. மாலையில் அது வேண்டுமென்றால் நண்பகலிலும் குறைந்த அளவிலாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நண்பகலில் சூரிய மின்சாரம் 'மிச்சம்' ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்று, பருவத்தைச் சார்ந்தது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கைகொடுக்கிறது. கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள் முழுவீச்சில் இயங்கும் வாரங்கள் இந்தப் பருவத்தின் தொடக்கத்தோடு சேர்ந்து வருவது நல்வாய்ப்பு. வடகிழக்குப் பருவ மழையில் வெயிலும் காற்றும் சேர்ந்து தளரும் நாட்களுக்கு, கீழே சொல்லப்படும் எந்தத் தொழில்நுட்பமும் இன்னும் முழு விடை ஆகவில்லை. மிச்ச மின்சாரத்தை ஹைட்ரஜனாக மாற்றி நெடுநாள் தேக்கிவைப்பது பற்றிய பேச்சு இங்கேதான் வரும். இம்மாவட்டங்களின் அன்றாடத்துக்கு அது இப்போதைக்குத் தொலைவில் இருப்பதால் இக்கட்டுரை அதனுள் போகவில்லை.

மோட்டார் ஓடும் நேரத்தை மாற்றுவது

சேமிப்பதைவிட மலிவான வழி, மின்சாரம் இருக்கும் நேரத்துக்குத் தேவையை நகர்த்துவது. வீட்டு விளக்கை நண்பகலுக்கு நகர்த்த முடியாது. பாசன மோட்டாரை நகர்த்த முடியும்.

தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984 முதலும், அனைத்து விவசாயிகளுக்கும் 1990 முதலும் பாசன மின்சாரம் இலவசம். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரமும் இரவில் சில மணி நேரமுமாக முறை வைத்து விடப்படுவது நீண்ட கால வழக்கம். இந்த இரவு முறை பெரும்பாலும் நிலக்கரியை எரித்துத் தரப்படுவது. அதை நண்பகலுக்கு மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

1. 5 எச்.பி. மோட்டார் ஒன்று கம்பியிலிருந்து சுமார் 4.5 கிலோவாட் இழுக்கும். இத்தகைய 10,000 மோட்டார்கள் ஒருசேர ஓடினால் 45 மெகாவாட். இரவில் 4 மணி நேரம் ஓடினால் 1,80,000 யூனிட்.

2. அதே இரவு ஓட்டத்தைச் சூரிய மின்சாரத்தைக் கொண்டே நடத்த வேண்டுமானால், நண்பகல் மின்சாரத்தை 180 மெகாவாட்மணி (அதாவது அந்த 1,80,000 யூனிட்) கொள்ளளவுள்ள பேட்டரியில் தேக்கிவைக்க வேண்டும்.

3. முழுத் திறனில் இரண்டு மணி நேரம் மின்சாரம் தரும் பேட்டரிக்கு மெகாவாட் ஒன்றுக்கு மாதம் 2.2 லட்சம் ரூபாய் வாடகை என்று கொண்டால், அந்தத் தேக்கத்துக்கு 90 மெகாவாட் அளவு பேட்டரி தேவைப்படும். ஆண்டு வாடகை ஏறத்தாழ 24 கோடி ரூபாய்.

மோட்டாரை நண்பகலில் ஓடவிட்டால் இந்தச் செலவு எழவே எழாது. அதற்காக இந்த மாற்றம் செலவற்றது என்று பொருளில்லை. வீட்டு இணைப்பும் மோட்டார் இணைப்பும் ஒரே ஃபீடரில் (துணை மின்நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் மின்பாதையில்) இருக்கும் ஊரில் மோட்டாருக்கு மட்டும் நேரம் குறிக்க முடியாது. வேளாண் ஃபீடரைத் தனியே பிரித்து, கம்பியும் டிரான்ஸ்பார்மரும் கூட்ட வேண்டும். விவசாயிகள் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுப் போய்விடுவதால், மின்சாரம் வந்த நொடியில் ஒரு ஃபீடரின் மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து கிளம்பும். கடைசிக் கம்பத்தில் இருப்பவருக்கு வோல்டேஜ் சரிந்து மோட்டார் காயில் கருகும். எல்லாரையும் ஒரே ஐந்து மணி நேரத்துக்குள் அடைத்தால் இது இன்னும் மோசமாகும். எனவே ஃபீடர்களுக்குள் அரைமணி, ஒரு மணி என்று தொடக்க நேரத்தைத் தள்ளித் தள்ளி வைப்பதும் இம்மாற்றத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

பகல் மின்சாரத்தால் விவசாயிக்கு நேரடியான நன்மை ஒன்று உண்டு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, பாலக்கோடு பகுதிகளில் காட்டை ஒட்டிய ராகிக் கொல்லைகளுக்கு இரவில் யானை வருவது அன்றாடச் செய்தி. இரவு முறைக்காக மடை திருப்பப் போகிறவர் பாம்புக்கும் யானைக்கும் அஞ்சியே போகிறார். இந்த உயிர்ப்பாதுகாப்பை எந்தத் திட்ட அறிக்கையும் யூனிட்டுக்கு இத்தனை பைசா என்று கணக்கிடுவதில்லை. கணக்கிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எதிர்ப்பக்கமும் உண்டு. மத்திய அரசின் பி.எம். குசும் திட்டம் 2019இல் தொடங்கியதிலிருந்து, சூரிய பம்புசெட்டுகளுக்கு மானியம் கிடைக்கிறது. கம்பியோடு சேராத தனிப் பம்பில், வெயில் உள்ள வரை இறைப்பதற்குச் செலவு சுழி. இறைக்காமல் நிறுத்துவதற்கு எந்த ஊதியமும் இல்லை. தருமபுரி கடும்பாறை நிலம். நீர் பாறை இடுக்குகளில் மட்டுமே நிற்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லிலும் எலும்பிலும் பாதிப்பு பரவியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய மண்ணில், சூரிய பம்பைத் தனியே விடாமல் மின்கம்பியோடு இணைத்து, பயன்படுத்தாத மின்சாரத்தை வாரியத்துக்கு விற்கும் முறையே பொருத்தமானது. இறைக்காத நேரத்துக்கும் வருமானம் இருந்தால்தான் கையைக் கட்டுப்படுத்த ஒரு காரணம் இருக்கும்.

ஆலைகளுக்கும் இந்த நேரக் கணக்கு பொருந்தும். 2022 செப்டம்பரில் வந்த மின்கட்டண ஆணை, உயர் அழுத்த நுகர்வோருக்குக் காலை 6.30 முதல் 10.30 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் 25 விழுக்காடு கூடுதல் கட்டணத்தையும், இரவு 10 முதல் காலை 5 வரை 5 விழுக்காடு தள்ளுபடியையும் வைத்தது. இது அனல்மின் காலத்துச் சிந்தனை. மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதித்திருத்தம், சூரிய நேரத்துக் கட்டணம் சாதாரண நேரத்தைவிட 20 விழுக்காடாவது குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. சேகோ (ஜவ்வரிசி) ஆலையோ மாங்கூழ் ஆலையின் குளிர்பதனக் கிடங்கோ தன் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள, கட்டணப் பட்டியல்தான் முதலில் மாற வேண்டும்.

பேட்டரியும் நீரேற்றமும்

நகர்த்த முடியாத தேவைக்குச் சேமிப்பு வேண்டும். பழைய வழி நீரேற்று மின்நிலையம்: மிச்ச மின்சாரத்தால் கீழ் அணையிலிருந்து மேல் அணைக்கு நீரை ஏற்றி, வேண்டும்போது இறக்குவது. கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இருக்கிறது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் நிலையம் கட்டப்பட்டுவருகிறது. பல பத்தாண்டு உழைக்கும் என்பது இதன் பலம்; கட்டுவதற்கே பல ஆண்டுகள் பிடிக்கும் என்பது பலவீனம்.

பேட்டரி வேகமானது. லித்தியம் அயனி பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2010இல் கிலோவாட்மணிக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்தது. 2024இல் 115 டாலர் அளவுக்கு வந்தது. இந்தியாவில் 2022இல் நடந்த முதல் பெரிய டெண்டரில் மெகாவாட் ஒன்றுக்கு மாத வாடகை 10.83 லட்சம் ரூபாய். அடுத்த மூன்று ஆண்டுக்குள், மத்திய அரசின் நிதியுதவியும் சேர்ந்த சில டெண்டர்களில், மேலே கணக்கில் கொண்ட 2.2 லட்சத்துக்கு அருகில் வந்துவிட்டது. நேற்றுவரை 'கட்டுப்படியாகாது' என்று ஒதுக்கப்பட்ட ஒன்று இன்று அனல்மின் நிலையத்தோடு போட்டியிடுகிறது.

ஆனால் எல்லாப் பேட்டரியும் ஒன்றல்ல. வாகனத்துக்கு எடை முக்கியம். ஆகவே நிக்கல் கலந்த செல்கள் அங்கே பயன்படுகின்றன. துணை மின்நிலையத்தின் ஓரத்தில் வைக்கும் பேட்டரிக்கு எடை பொருட்டில்லை. வெப்பம் தாங்குவதும் நீண்ட ஆயுளும்தான் வேண்டும். இரும்பு பாஸ்பேட் வகை செல் தீப்பற்றுவதற்கு இன்னும் அதிக வெப்பம் தேவை. நாள்தோறும் ஒருமுறை ஏற்றி இறக்கினாலும் பத்து ஆண்டுகளைக் கடக்கும். சோடியம் அயனி செல் அடுத்துவருகிறது. அதே எடைக்குக் குறைவான மின்சாரத்தையே அது தேக்கும். ஆனால் லித்தியமே வேண்டாம்.

மின் ஸ்கூட்டர் இக்கணக்கில் இரண்டு பக்கமும் நிற்கிறது. ஒரு லட்சம் ஸ்கூட்டர்கள் வேலை முடிந்து வந்ததும் ஏழு மணிக்கு 750 வாட் சார்ஜரில் செருகப்பட்டால், மாலை உச்சத்தில் 75 மெகாவாட் கூடும். ஆலை வளாகத்தில் நண்பகலில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் அதே வண்டிகள் மிச்சத்தை வாங்கும் வாடிக்கையாளராகிவிடும். ஓசூர், போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைகளின் வாகன நிறுத்துமிடங்களில் வெறும் பிளக் பாயிண்ட் வைப்பது, தொழில்நுட்பம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய வேலையும் அன்று.

செல் இங்கே, மூலப்பொருள் எங்கே?

கிருஷ்ணகிரி மாவட்டம் நாட்டின் மின் இருசக்கர வாகன உற்பத்தியின் பெரிய மையம். ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர் ஆலைகளும், போச்சம்பள்ளி அருகே ஓலா ஆலையும், சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி ஆலையும் உள்ளன. ஆனால் 'இங்கே தயாராகிறது' என்ற சொல்லுக்குள் மூன்று படிகள் உண்டு.

1. தொகுப்பு: வாங்கிய செல்களை அடுக்கி, மேலாண்மைச் சர்க்யூட்டோடு பேட்டரியாக்குவது. இது நெடுநாளாக நடக்கிறது.

2. செல்: மின்வாய்ப் படலத்தைப் பூசி, சுருட்டி, திரவம் நிரப்பி, முதல் மின்னேற்றம் செய்வது. 2021இல் மத்திய அரசு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகையோடு ஆண்டுக்கு 50 கிகாவாட்மணி (ஒரு கிகாவாட்மணி என்பது பத்து லட்சம் யூனிட்) கொள்ளளவுள்ள செல் உற்பத்திக்குத் திட்டமிட்டது. ஓலாவின் செல் ஆலை அதன்கீழ் இம்மாவட்டத்தில் வந்தது. ஒதுக்கிய திறனில் சிறு பகுதியே நாடு முழுதும் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

3. மூலப்பொருள்: சுத்திகரித்த லித்தியம், கிராஃபைட், எதிர்மின்வாய், நேர்மின்வாய்ப் பொருட்கள். இவற்றில் சீனாவின் பிடி இறுக்கமானது.

மூன்றாம் படியின் நெருக்கடி மோட்டார் வழியாகவும் வந்தது. ஸ்கூட்டர் மோட்டாரின் நியோடிமியக் காந்தம் சூட்டில் வலுவிழக்காமலிருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் ஆகிய அருமண் தனிமங்கள் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. 2025 ஏப்ரலில் சீனா இவை உட்பட ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதி அனுமதியைக் கட்டாயமாக்கியபோது, இந்திய மின்வாகன உற்பத்தியாளர்கள் உற்பத்தியைக் குறைக்க வேண்டிவருமோ என்று கவலைப்பட்டனர். எண்ணெய்க்காக ஒரு திசையைப் பார்த்திருந்த நாடு இப்போது இன்னொரு திசையையும் பார்க்கிறது. ஒரு வேறுபாடு: எரித்த எண்ணெய் திரும்பாது, செல்லுக்குள் இருக்கும் உலோகம் அங்கேயே இருக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் அதை மீட்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைக்கின்றன. ஆனால் பழைய பேட்டரி முதலில் போய்ச்சேரும் இடம் காயலான் கடை என்பதை விதி எழுதியவர்கள் கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை.

மாந்தோப்பின் மேல் செல்லும் கம்பி

மின்சாரத்தின் இடச் சிக்கல் கம்பியில் தெரியும். காற்றாலைகளும் பெரிய சூரியப் பூங்காக்களும் தென்மாவட்டங்களில். தேவை சென்னை, கோவை, ஓசூர் பக்கம். வோல்டேஜை இரட்டிப்பாக்கினால் அதே மின்சாரத்துக்குக் கம்பியில் ஓடும் ஆம்பியர் பாதியாகும், கம்பியில் ஏற்படும் இழப்பு கால்பங்காகும். அதனால்தான் 400, 765 கிலோவோல்ட் கோபுரங்கள். மின்கட்டமைப்பு ஆவணங்களில் 'தருமபுரி' என்றும் 'சேலம் புதியது' என்றும் குறிக்கப்படும் 765 கிலோவோல்ட் துணை மின்நிலையம் தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் இணைக்கும் முக்கியக் கண்ணி.

ஒரே கோபுரத்தில் இரண்டு மின்பாதைகள் செல்லும் 765 கிலோவோல்ட் இரட்டைப் பாதைக்கு ஏறத்தாழ 67 மீட்டர் அகலத் தடம் தேவை. ஒரு விவசாயியின் நிலத்தை அது 100 மீட்டர் நீளத்துக்குக் கடந்தால் 1.65 ஏக்கருக்கு மேல் தடத்துக்குள் விழும். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். ராகியும் நிலக்கடலையும் போடலாம். மாவும் தென்னையும் வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, வங்கி அடமானத்துக்குத் தயங்கும். மா வைத்து முப்பது ஆண்டு வருமானத்தை எதிர்பார்க்கும் கிருஷ்ணகிரி விவசாயிக்கு, 'பயிர் செய்யத் தடையில்லை' என்ற அதிகாரியின் சொல் பாதி உண்மைதான்.

இதற்கான அதிகாரம் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலிருந்து 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழியாக வந்தது. நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரம் நடலாம். தந்திக் கம்பத்துக்கு வகுத்த ஏற்பாட்டை 67 மீட்டர் தடத்துக்குப் பொருத்தியதே மேற்கு மாவட்ட விவசாயிகளின் நீண்ட போராட்டங்களுக்கு வேர். இழப்பீட்டில் முன்னேற்றம் உண்டு. 2015 வழிகாட்டுதல் கோபுரத்தின் அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், தடத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் என்றது. 2024 ஜூன் வழிகாட்டுதல் அவற்றை 200, 30 விழுக்காடாக்கியது. இருந்தாலும் விழுக்காட்டைவிட, எதன் விழுக்காடு என்பதே பெரிது. ஏக்கர் சந்தையில் 40 லட்சம் போகிற இடத்தில் வழிகாட்டி மதிப்பு 8 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்ன 1.65 ஏக்கர் தடத்துக்கு 30 விழுக்காடு, சந்தை விலைப்படி 19.8 லட்சமும் வழிகாட்டி மதிப்புப்படி 3.96 லட்சமும் வரும்.

கம்பியைப் புதைக்க முடியாதா என்ற கேள்வி நியாயமானது. புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் 2,000 மெகாவாட் நேர்மின்னோட்டப் பாதையில் கேரளத்துக்குள் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிளாகவே போகிறது. நேர்மின்னோட்டத்தில் நீண்ட கேபிள் இயலும். பெரும்பாலான உயர்மின் கோபுரங்களில் ஓடும் மாறுமின்னோட்டத்தில் கேபிளின் மின்தேக்கப் பண்பே அதன் கொள்ளளவைத் தின்றுவிடுவதால் நீண்ட தொலைவுக்கு ஒத்துவராது. எனவே 'எல்லாவற்றையும் புதையுங்கள்' என்பதும் சரியன்று, 'எங்குமே முடியாது' என்பதும் சரியன்று. இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது: பழைய கோபுரங்களிலேயே அதிக வெப்பம் தாங்கும், தொய்வு குறைந்த புதிய கம்பியை மாட்டினால், புதிய தடம் இல்லாமலே ஏறத்தாழ இருமடங்கு மின்சாரம் கொண்டுசெல்லலாம். புதிய பாதைக்கு வரைபடம் போடும் முன், பழைய பாதையில் இது ஏன் போதாது என்று எழுத்தில் காட்டச் சொல்வது விவசாயிகள் வைக்கத்தக்க கோரிக்கை.

பட்டறைகளில் நடப்பது

ஓசூரின் தொழில், 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து பெரிய வாகன ஆலைகளையும் அவற்றுக்குப் பாகம் செய்துதரும் சிறு பட்டறைகளையும் சார்ந்து வளர்ந்தது. மின்வாகனத்தில் பிஸ்டன், வால்வு, கிளட்ச், கார்புரேட்டர், சைலன்சர் இல்லை. பிரேக், சஸ்பென்ஷன், சக்கரம், சட்டகம் அப்படியே தொடரும். மோட்டாரின் தண்டு, அலுமினியப் பேட்டரிக் கூடு, வெப்பக் கடத்தித் தகடு ஆகியவை புதிதாக வரும். பிரேக் பாகம் கடைபவருக்கு இந்த மாற்றம் பெரிதில்லை; வால்வு கைடு மட்டுமே கடைந்து பழகியவருக்கு இதுவே எல்லாம். இரண்டாமவர் மோட்டார் தண்டுக்கு மாற வேண்டுமானால், கணினிவழி இயங்கும் புதிய சி.என்.சி. எந்திரத்துக்கும் அளவுச் சோதனைக்கும் கடன் தேவை. கொள்முதல் நிறுவனத்தின் தகுதிச் சோதனை முடிந்து முதல் ஆர்டர் வரும்வரை அந்தக் கடனுக்குப் பழைய எஞ்சின் பாகத்தின் வருமானத்திலிருந்துதான் வட்டி கட்ட முடியும். பெட்ரோல் வண்டி இன்னும் பெருமளவில் விற்கும் இன்றைய ஆண்டுகளில் அந்த வருமானம் இருக்கிறது. விற்பனை சரியத் தொடங்கிய பின் அதே கடனுக்கு வங்கியை அணுகினால், காட்டுவதற்கு ஆர்டர் புத்தகம் இராது.